கும்பகோணம் வட்டாரத்தில் வீட்டு மீன் தொட்டி: நன்னீர் வண்ண மீன் வளர்ப்பு

வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் நன்னீர் மீன்களை அழகுக்காக வளர்ப்பதை வண்ண மீன் வளர்ப்பு அல்லது அலங்கார மீன் வளர்ப்பு என்கிறோம். தமிழ்நாட்டில் இதன் பெரிய சந்தை சென்னை கொளத்தூர். அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் பல குடும்பங்கள் தலைமுறையாகக் கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் ஆகியவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கின்றன. கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைக் கடைகளில் தொங்கும் பாலித்தீன் பைகளில் நீந்தும் மீன்களில் பலவும் அப்படிப் பயணம் செய்து வந்தவைதான்.

வாங்கிய மீன்கள் இரண்டாவது வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். “கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார்” என்று பழி அங்கே போகும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் மீனைக் கொல்வது புதுத் தொட்டியின் தண்ணீர். மீன் வளர்ப்பில் பாதி வேலை மீனைப் பார்ப்பதில் இல்லை, தண்ணீரைப் பழக்குவதில் இருக்கிறது.

தண்ணீர் பழகுவது எப்படி

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தின்னாமல் கிடக்கும் தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தரும். ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும், தொட்டியில் போக இடமில்லை. இங்கேதான் நுண்ணுயிர்கள் வருகின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு சேரும்வரை தீங்கு செய்யாது. இந்த இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகப் பாடநூல்கள் நெடுநாள் சொல்லி வந்தன. மீன் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்பது 1990-களின் ஆய்வுகளில் தெரியவந்தது.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. ஸ்பான்ஜ் ஃபில்டரிலும், கூழாங்கல்லிலும், கண்ணாடியின் வழுவழுப்பான படலத்திலும் ஒட்டி வாழ்கின்றன. அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே பத்துப் பன்னிரண்டு மீன்களை விட்டால், அம்மோனியாவைத் தின்ன ஆளில்லாத வீட்டில் விருந்து வைத்தது போலாகிவிடும்.

நம் பகுதியில் இதை மோசமாக்கும் காரணம் ஒன்று உண்டு. தண்ணீரில் கரைந்த அம்மோனியாவில் ஒரு பங்குதான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அந்தப் பங்கு கூடும். 30 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 உள்ள நீரில் அது சுமார் 0.8 சதவீதம். அதே வெப்பத்தில் பிஹெச் 8 என்றால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. டெல்டாவில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் காரப் பக்கமே இருக்கிறது. குளிர்நாட்டுப் புத்தகம் சொல்லும் “கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை” என்பது சித்திரை மாதக் கும்பகோணத்துக்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியது இதுதான்: தொட்டியை நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு வரவேண்டும். தீனி அழுகி அம்மோனியா தர, நுண்ணுயிர் பெருகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை பரிசோதனைக் குப்பியால் பார்த்து, பிறகு இரண்டு மூன்று மீன்களாக விடலாம். நெடுநாள் தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டிலிருந்து அழுக்கேறிய ஸ்பான்ஜ் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி.

மாதம் ஒருமுறை எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கூழாங்கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து வைக்கும் ‘பெரிய துப்புரவு’ இதனால்தான் ஆபத்தானது. சுத்தம் என்று நினைத்து அத்தனை நுண்ணுயிரையும் சாக்கடைக்கு அனுப்புகிறோம். மறுநாள் தொட்டி மீண்டும் புதுத் தொட்டி. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பான்ஜை, தொட்டியிலிருந்து எடுத்த அதே நீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

எந்தத் தண்ணீர்?

கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் ஊர். ஆனாலும் தொட்டிக்கு ஆற்றுநீரை நேராகக் கொண்டுவருவது நல்லதல்ல. வயலிலிருந்து வடியும் நீரில் பூச்சிமருந்து இருக்கும். குறுவை, சம்பா மருந்தடிப்புக் காலத்தில் வாய்க்காலில் பிடித்த நீர்ப்பூச்சியை மீனுக்குத் தீனியாகப் போடுவதும் கூடாது.

மாநகராட்சிக் குழாய்நீரில் குளோரின் இருக்கும். அது செவுளை எரிக்கும், நுண்ணுயிரையும் கொல்லும். பிளாஸ்டிக் வாளியில் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்க விட்டால், அல்லது ஏர் பம்ப் போட்டு வைத்தால், குளோரின் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கிச் சொட்டு மருந்து உண்டு. அதில் வழக்கமாக இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். பிடித்து வைக்கும் பாத்திரம் செம்பாகவோ பித்தளையாகவோ இருக்கக்கூடாது. பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடிக்க நல்லது என்று நாம் செம்புக் குடத்தில் வைக்கும் நீரில் கரையும் சிறிதளவு செம்பு மீனுக்குக் கெடுதல், நத்தைக்கும் இறாலுக்கும் எமன்.

போர்வெல் நீரில் குளோரின் இல்லை, உப்பு உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில் ஊறி நிற்கும் நிலத்தடி நீர், கோடையில் கீழே போகும். அப்போது அதே குழாயில் வரும் நீரின் உப்பும் கடினத்தன்மையும் மாறலாம். டிடிஎஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு, சுத்தமான மொட்டை மாடியிலிருந்து பிடித்த மழைநீரைக் கலந்தால் கடின நீர் இளகும்.

நீரை மாற்றுவதைவிட, நீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது எளிது. கப்பி, பிளாட்டி, மோலி மூன்றும் கடின நீரை விரும்புபவை. நம் குழாய்நீரிலேயே குட்டி போட்டுப் பெருகும். அமேசான் காட்டின் மென்னீரிலிருந்து வந்த டிஸ்கஸ் இங்கே பிழைக்கப் பெரும்பாடு படும்.

நெல்வயல் மீன்கள்

டெல்டாவின் சூட்டையும் மின்வெட்டையும் தாங்கும் மீன்கள் வேறு ஒரு வகை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். வெயிலில் காயும் வயல்நீரில் இன்னும் மோசம். அங்கே வாழும் மீன்கள் சில, மேலே வந்து காற்றையே வாயால் உறிஞ்சிச் சுவாசிக்கக் கற்றிருக்கின்றன. நம் விராலும் பனையேறிக் கெண்டையும் அப்படிப்பட்டவை.

பனையேறிக்கு இப்பகுதியோடு ஒரு பழைய கதை உண்டு. டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப், 1791-ல் இந்த மீன் ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1797-ல் அது அச்சானது. மரமேறுவதை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் மழைநாளில் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

கடையில் விற்கும் ஃபைட்டரும் கௌராமியும் இந்தப் பனையேறிக்கு உறவு. ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்து நெல்வயல். பம்ப் நின்றாலும் அது மூச்சுத் திணறாது. அதற்காகக் காப்பித் தம்ளர் அளவுக் குடுவையில் அடைத்து வைக்கலாம் என்று பொருளல்ல. காற்றைச் சுவாசித்தாலும் அம்மோனியா அதையும் சுடும். ஆண் ஒன்றுக்கு 15, 20 லிட்டராவது கொடுங்கள். உருண்டைக் கண்ணாடிக் குடுவை, என் பார்வையில், மீனுக்கென்று விற்கவே கூடாத பொருள்.

தொட்டி, தீனி, கொசு

தொடங்குபவர்கள் சின்னத் தொட்டி எளிது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: நீர் குறைவாக இருந்தால் சூடும் நஞ்சும் விரைவாக ஏறும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். நிரப்பிக் கல்லும் போட்டால் எடை 60 கிலோவைத் தாண்டும், பழைய மர அலமாரியை நம்ப வேண்டாம். வெயில் படும் சன்னலோரம் வேண்டாம், பாசி பிடிக்கும். இந்த அளவுத் தொட்டிக்கு எட்டு, பத்துப் பிளாட்டி போதும். கோல்டு ஃபிஷும் ஆஸ்கரும் இதற்கு ஏற்றவை அல்ல, இரண்டும் ஓர் அடி வரைகூட வளரக்கூடியவை.

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளுக்கு ஒன்றிரண்டு வேளை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக் குழந்தைகள் கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டால் அன்றிரவே தண்ணீர் கலங்கும்.

பலரும் யோசிக்காத ஒன்று கொசுவிரட்டி. சுருளிலும் மின்குப்பியிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தான் நீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் வலையே மேல்.

மழைக்காலமும் மின்வெட்டும்

ஐப்பசி மழையில் நீர் திடீரெனக் குளிரும்போது உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வரும். இக் எனப்படும் ஒட்டுண்ணி அது. புள்ளியாகத் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து பெருகி, நீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தில்தான் சாகும். எனவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தக்கூடாது. நீரை மெதுவாக 30 டிகிரிக்கு உயர்த்தி, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து, பத்து நாளாவது தொடர வேண்டும். மீன் பையோடு வந்த நீரைத் தொட்டியில் ஊற்றாமலிருப்பதும், புது மீனைத் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்துப் பார்ப்பதும் இதைப் பெருமளவு தடுக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபின் டெல்டாவின் தென்பகுதியில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியான வேளையில் மீனுக்கு முதல் உதவி, தீனியை நிறுத்துவது. வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும். தொட்டி நீரையே குவளையால் மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றினால் ஆக்சிஜன் கலக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. மின்சாரம் வந்தவுடன் மூடிய பெட்டி ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே அழுகிய நீர் ஒரே மூச்சில் தொட்டிக்குள் வரும். அதைக் கொட்டிவிட்டு, பஞ்சை அலசியபின் போடுங்கள்.

வேண்டாத மீனை எங்கே விடுவது?

‘டேங்க் கிளீனர்’ என்று இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்கக் கெளுத்தி வகை. ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்து தொட்டியை இடிக்கத் தொடங்கியதும், கொல்ல மனமில்லாமல் கோயில் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்றுகூட நினைக்கலாம். ஆனால் எலும்புத் தகடு போர்த்த இந்த மீனை நம் நாரையும் விராலும் எளிதில் விழுங்க முடியாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். பாசியையும் மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும். வலையில் விழுந்தால் வலை கிழியும். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பெருகியிருக்கிறது. மற்ற ஊர்களில் ஒரு குளத்தில் விட்டால் அந்தக் குளத்தோடு நிற்கலாம். டெல்டாவில் குளம் வாய்க்காலோடும், வாய்க்கால் ஆற்றோடும் சேர்ந்தது. அரசலாற்றில் விழுந்தது காரைக்கால் வரை போகும்.

நல்ல எண்ணத்தோடு செய்ததற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. கொசுப் புழுவைத் தின்ன 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட காம்பூசியா, புழுவோடு நம் சிறு மீன்களின் குஞ்சுகளையும் தின்றது. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்மட்டத்தில் நீந்தும் நம்மூர் பான்சாக்ஸ் மீன் அதே வேலையைக் காலங்காலமாகச் செய்துகொண்டுதான் இருந்தது.

வளர்க்க முடியாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பணம் தராவிட்டாலும் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். செத்த மீனைச் செடியடியில் ஆழமாகப் புதைக்கலாம். வாரம் மாற்றும் பழைய நீரில் நைட்ரேட் இருப்பதால் வாழைக்கும் துளசிக்கும் அது நல்ல உரம். உப்போ மருந்தோ போட்ட வாரம் மட்டும் செடிக்கு வேண்டாம். குஞ்சும் முட்டையும் தப்பிப் போகாமல் இருக்க அந்த நீரையும் வாய்க்காலில் கொட்டாமல், வெறும் தரையில் ஊற்றிக் காயவிடலாம்.