முட்டையும் ஜவ்வரிசியும்: சிறுநீரக நோயாளியின் தட்டு

சிறுநீரக நோயாளியின் உணவில் உப்பு, புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ், தண்ணீர் ஆகிய ஐந்தையும் அளந்து வகுத்துத் தருபவர் உணவியல் நிபுணர். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, வீட்டுச் சமையலுக்கு ஏற்றபடி அவர் திட்டம் தருகிறார். இதில் எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. நோயின் கட்டம் மாறினால் தட்டும் மாறும். நாமக்கல் முட்டையும் சேலத்து ஜவ்வரிசியுமே இதற்குச் சான்று.

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. நோய் முற்றிவரும் நிலையில், டயாலிசிஸ் தொடங்காதவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்கிறது 2024இல் வெளியான சர்வதேச வழிகாட்டி. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். சோறு, பருப்பு, பால் ஆகியவற்றிலேயே இதில் பெரும்பங்கு சேர்ந்துவிடும். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழாகிறது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒவ்வொரு முறையும் அமினோ அமிலங்களும் வெளியேறுவதால், தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 முதல் 72 கிராம் வரை உயர்கிறது. நேற்றுவரை குறைக்கச் சொன்ன முட்டையை இன்று சாப்பிடச் சொன்னால் குடும்பத்தார் குழம்புவது இயல்பு. முட்டையின் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. எனவே பாஸ்பரஸ் கூடியவருக்கு வெள்ளைக் கருவே பரிந்துரைக்கப்படுகிறது.

மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கில் பொட்டாசியம் அதிகம். அதே கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தண்ணீரில் படியவைத்து எடுக்கும் மாவில் செய்வதே ஜவ்வரிசி. கழுவும் நீரோடு பொட்டாசியத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி உண்டு. புரதம் 1 கிராம்கூட இல்லை. புரதத்தைக் குறைக்கும் நோயாளி மெலிந்துவிடாமல் இருக்க இது கைகொடுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவில் கவனம் தேவை.

ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அப்படிக் கூடியவர்கள் இளநீரையும், காவிரிக்கரையில் எளிதாகக் கிடைக்கும் வாழைப்பழத்தையும் தவிர்க்க வேண்டியிருக்கும். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். அளவு சரியாக இருப்பவர்கள் காய்கனிகளை வீணாக ஒதுக்கத் தேவையில்லை.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இதில் அடங்கும். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. டயாலிசிஸ் நோயாளிக்கு ரசம், மோர், கஞ்சி எல்லாமே தண்ணீர்க் கணக்கில் சேரும். சித்திரை வெயிலில் இக்கட்டுப்பாடு மிகக் கடினம். அதைத் தாங்கும் வழியைச் சொல்லித் தருவதும் உணவியல் நிபுணரின் பணியே.

அரசு மருத்துவமனையை நாடுவோருக்குச் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மருத்துவமனைக்குச் செல்லும்போது கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும், மூன்று நாள் சாப்பாட்டை எழுதிய தாளையும் கொண்டுசென்று, உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த வீட்டு நோயாளியின் பத்தியம் உங்களுக்குப் பொருந்தாது.