குதிரை இலாயத்தில் ஓர் ஆண்டு

மதுரை என்றவுடன் மல்லிகையும் மீனாட்சியம்மன் கோயிலும் நினைவுக்கு வரும்; குதிரை வருவதில்லை. ஆயினும் இந்நகரின் கதைகளில் குதிரைக்குள்ள இடம் சிறியதன்று. சித்திரை முழுநிலா நாளில் கள்ளழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குகிறார். சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஐயனார் கோயில்களின் முன்னே மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. இவையெல்லாம் பொன்னாலும் மண்ணாலும் ஆனவை, தீனி கேட்பதில்லை. தீனி கேட்கும் குதிரைகளை வைத்துக் காப்பாற்றி வரும் குடும்பங்களும் இங்கே உள்ளன. அத்தகைய ஒரு குடும்பத்தின் இலாயத்துக்கு ஓராண்டுக் காலம் விடுமுறை நாள்களில் சென்று வந்தேன். விலங்கியல் வகுப்பில் கேட்டவை பலவும் அங்கேதான் எனக்கு விளங்கின.

இலாயம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டா. வைகைக் கரையை ஒட்டிய ஒரு சந்தில், ஓட்டுச் சாய்ப்பின் கீழ் நான்கு குதிரைகள். வீட்டுக்கும் இலாயத்துக்கும் நடுவே ஒரே சுவர். இரவில் ஒரு குதிரை காலை மாற்றி ஊன்றினாலும் உள்ளே படுத்திருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டுப் பெரியவர் இளமையில் இரயில் நிலையத்து வாசலில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ ரிக்‌ஷாக்கள் பெருகப் பெருக ஜட்காவுக்குச் சவாரி குறைந்தது. வண்டி போயிற்று, குதிரை போகவில்லை. இன்று திருமண ஊர்வலம், கோயில் விழா, பந்தயம், காலை வேளையில் சிறுவர்களுக்குக் குதிரையேற்றப் பயிற்சி என்று பல வழிகளில் அக்குடும்பம் காலம் தள்ளுகிறது. வருமானம் சில நாள்களில்தான் வரும். தீனியோ 365 நாளும் வேண்டும். இந்தக் கணக்கை நேர்செய்வதுதான் அவர்களுடைய ஆண்டு.

சித்திரையும் வைகாசியும் திருமண மாதங்கள். ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டு வருவோர் மிகுதி. வெயிலும் அப்போதுதான் மிகுதி. மனிதனைப் போலவே குதிரையும் வியர்வையால் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் விலங்கு. ஓடி வந்த குதிரையின் கழுத்தில் சோப்பு நுரைபோல் வெள்ளையாகத் தெரிவது வியர்வையே. அதில் கலந்துள்ள ஒரு புரதம் அவ்வாறு நுரைக்கச் செய்கிறது. வியர்வையோடு உப்பும் பெருமளவில் வெளியேறுவதால், தொட்டி நிறையத் தண்ணீரும் தீனியில் ஒரு பிடி உப்பும் கோடையில் கட்டாயம். விடிவதற்கு முன் பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். நண்பகலில் ஊர்வலம் கேட்டு வந்த ஒருவரிடம், "பொழுது சாயட்டும், கூட்டிட்டு வர்றோம்" என்று பெரியவர் சொல்லிவிட்டார். வந்தவர் வேறு இடம் பார்க்கப் போனார். அந்த வாரத்தில் கிடைத்திருக்கக்கூடிய ஒரே வரும்படி அது.

குதிரையின் வயிற்றைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குதிரை வளர்ப்பில் பாதி அதில் அடங்கிவிடுகிறது. மாடு அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. குதிரைக்கு இரைப்பை ஒரே அறைதான். உடலை நோக்க அது மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர் கொள்ளும். புல்லிலுள்ள நார்ப்பொருள் நுண்ணுயிர்களால் செரிப்பதெல்லாம் அதற்கு அப்பால், பெருங்குடலிலும் குடல்வாயிலும் நடைபெறுகிறது. ஆகவே குதிரை சிறிது சிறிதாக நாளெல்லாம் தின்ன வேண்டிய பிறவி. மேலும் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. தின்றது தீங்கானால் அது திரும்பி வர வழியில்லை; வயிற்றுவலி கண்ட குதிரை தரையில் புரண்டு சில மணி நேரத்தில் இறந்துபோவதும் உண்டு.

இதனால்தான் அவ்வீட்டில் தீனி நான்கு வேளை. புல்லும் வைக்கோலும் முன்னால், ஊறவைத்த கொள்ளு பின்னால். கொள்ளை அளந்து போடுவது வீட்டு அம்மாளின் பொறுப்பு. அந்தப் படியை வேறு யாரும் தொடக்கூடாது. "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்ற பழமொழியைச் சொல்லிச் சிரித்தார் அவர். ஆனால் அளவு ஒருநாளும் கூடவில்லை.

ஆடியில் திருமணம் இல்லை. அந்த மாதத்தில்தான் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கால்நடைச் சந்தை கூடுகிறது. தமிழ்நாட்டுக் குதிரைக்காரர்கள் எல்லாரும் பார்க்க விரும்பும் சந்தை அது. காதுமடல் உள்நோக்கி வளைந்த கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளை அங்கே காணலாம். வாங்குவோர் முதலில் சுழி பார்க்கிறார்கள். நெற்றிச்சுழி இன்ன இடத்தில் இருந்தால் ஆகும், இன்ன இடத்தில் இருந்தால் ஆகாது என்று ஒரு தனிக் கணக்கு. விலங்கியல் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் அடுத்து அவர்கள் செய்வதை ஒப்புக்கொள்ளும்: வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். குதிரைக்கு நடு முன்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்த இணை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கின்றன. ஐந்தில் வாய் நிறைந்துவிடும். பிறகு பல்லின் மேற்பரப்பிலுள்ள குழிகள் தேய்வதைக்கொண்டு எட்டு வயது வரை ஓரளவு நம்பிச் சொல்லலாம். அதற்குமேல் சொல்வதெல்லாம் மதிப்பீடே.

அந்த ஆண்டு சந்தைக்குப் புறப்படும்போது வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. நான்கில் மூத்தது ஒரு பெட்டைக் குதிரை; வயது பதினெட்டு. ஊர்வலத்துக்கு அதைக் கேட்பாரில்லை. "அதைக் கொடுத்துட்டா மத்த மூணுக்கும் தீனி தாராளமாகும்பா" என்றார் மகன். பெரியவர் மறுக்கவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை. சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். அந்த வயதுக் குதிரையை விலைக்குக் கேட்பவர் அதை எதற்காகக் கேட்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் அதே லாரியில் அது திரும்பி வந்தது. யார் முடிவு என்று நான் கேட்கவில்லை.

ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் மதுரையில் நடைபெறுவதை அனைவரும் அறிவர். மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்து அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சரான வாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுபோன பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கிக் கொண்டுவந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின என்பது கதை. புராணத்தைப் புராணமாகவே கொள்வோம். எனினும் கடல்வழி வந்த குதிரைகள் பாண்டிய நாட்டில் நிலைக்கவில்லை என்பது வரலாறும் சொல்லும் செய்தி.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வாசஃப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இப்பகுதிக்கும் பிற துறைமுகங்களுக்கும் ஏற்றுமதியாயின எனக் குறித்துள்ளார்; ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையில் வந்திறங்கிய இச்செல்வம் என்னவாயிற்று? சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார் போலோ. வறுத்த பார்லியும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பசுவின் பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்துப் பின் திடீரென்று ஏறி விரட்டினார்கள் என்கிறார் வாசஃப்.

மேலே சொன்ன வயிற்றை நினைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். மாவுப்பொருள் மிகுதியாகப் போனால் இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரியாமல் பெருங்குடலை அடைந்து புளிக்கிறது; அங்குள்ள நுண்ணுயிர்கள் மடிகின்றன; நச்சு குருதியில் கலந்து குளம்பின் உட்சதை வீங்குகிறது; குதிரை நிற்க மாட்டாமல் போகிறது. அன்பினால் ஊட்டிய சோறே எமனாயிற்று. இன்னொரு செய்தியையும் போலோ தருகிறார். குதிரை வணிகர்கள் இலாட வைத்தியர்களை இங்கே அழைத்து வரவில்லை. வேறு யாரும் வந்துவிடாதபடியும் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை சாகச் சாகத்தானே வாணிபம் நடக்கும்! அரசர்களின் கருவூலம் செய்ய முடியாததை ஒரு ஜட்காக்காரர் வீட்டுக் கொள்ளுப்படி செய்துவருகிறது என்று எனக்குத் தோன்றியது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. இலாயத்துக்கு அது பொல்லாத காலம். தரை ஈரமானால் குளம்பின் அடிப்பள்ளம் அழுகிக் கருத்து நாறும். நாள்தோறும் சாணத்தை வாரி, சுண்ணாம்பு தூவி, ஆற்றுமணல் பரப்பிக்கொண்டேயிருந்தார்கள். மழைக்குப் பின் கடிக்கும் ஈக்கள் பெருகின. அவை பரப்பும் சர்ரா என்னும் நோய், குருதியில் வாழும் ஓரணு உயிரியால் வருவது. விட்டுவிட்டுக் காய்ச்சல் காணும், உடல் இளைக்கும், கால் வீங்கும். சந்தையிலிருந்து திரும்பி வந்த அந்தக் கிழப் பெட்டைக்கே அது வந்தது. அரசு கால்நடை மருத்துவர் குருதியைச் சோதித்து உறுதி செய்து ஊசி போட்டார். பத்து நாள் ஒருவர் மாற்றி ஒருவர் அதனருகே படுத்தார்கள். அவர்கள் அதைவிட அஞ்சியது கிளாண்டர்ஸ் என்னும் நோய்க்கு. மனிதருக்கும் தொற்றும் அந்நோய் உறுதியானால் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டும். அதற்கான சோதனையில் நான்கு குதிரைகளுக்கும் நோயில்லை என்று முடிவு வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் கிடைத்தது.

மார்கழியில் வேலையில்லை. ஓய்விலுள்ள குதிரைக்குக் கொள்ளை வழக்கம்போல் போட்டுவிட்டுத் திடீரென ஒருநாள் வேலை வாங்கினால், தொடைத் தசைகள் கட்டைபோல் இறுகிச் சிறுநீர் காப்பி நிறமாகப் போகும். ஞாயிறன்று ஓய்ந்திருந்த ஐரோப்பிய வண்டிக் குதிரைகளுக்கு இது வழக்கமாக வந்ததால் அங்கே திங்கட்கிழமைக் காலை நோய் என்றே பெயரிட்டனர். அப்பெயரை அறியாத வீட்டு அம்மாள் மார்கழி முதல் நாளே படியைப் பாதியாக்கிவிட்டார். தை பிறந்ததும் பந்தயம், பயிற்சி, முகூர்த்தங்கள்; படி மெல்ல மெல்ல ஏறியது.

பங்குனியில் நான் கடைசியாகச் சென்ற அன்று இலாடம் கட்டுபவர் வந்திருந்தார். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை பழைய இலாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, அரம் போட்டுப் புதியது அடிக்க வேண்டும். குளம்பு நம் நகத்தைப் போன்ற பொருளே. மாதத்துக்கு ஒரு செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மேலிருந்து கீழாக வளர்கிறது. முன்பக்கம் முழுவதும் புதிதாக ஏறத்தாழ ஓராண்டாகும். கிழப் பெட்டையின் முன்கால் குளம்பைப் பெரியவர் தம் மடியில் தூக்கி வைத்து, நடுவில் குறுக்கே ஓடிய ஒரு மேட்டுக்கோட்டைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.

"இது ஐப்பசிக் காய்ச்சல், தம்பி. மேல இருந்து இதுவரைக்கும் இறங்கியிருக்கு. இன்னும் அஞ்சாறு மாசத்துல அரத்துக்கு வந்துரும்."

பிறகு காலைக் கீழே விட்டார். இலாடம் கட்டுபவர் அடுத்த காலைத் தூக்கினார்.