காணாமற்போன கடிதம் எங்கே?

கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பித்த ஒருவர், தம் சான்றிதழ் நகல்களை மின்னஞ்சலில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியாயிற்று என்று கணிப்பொறி சொல்லிவிட்டது. அலுவலகத்தில் விசாரித்தால், "ஒன்றும் வரவில்லையே" என்கிறார்கள். முகவரி சரியாக இருக்கிறது. கடிதம் திரும்பியும் வரவில்லை. கடைசி நாளோ நாளை மறுநாள்! காகிதக் கடிதமாக இருந்தால் பை கிழிந்தது, மழையில் நனைந்தது என்று ஏதேனும் காரணம் சொல்லலாம். மின்துடிப்புகளால் ஆன கடிதம் எப்படித் தொலையும்?

தொலையும். வழியிலுள்ள ஒவ்வொரு நிரலும் "என் வேலையை முடித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொலையும். அது எப்படி என்று பார்ப்போம்.

கையெழுத்து வாங்கும் கணிப்பொறி

கடிதங்களை வாங்கி உரியவரின் பெட்டியில் சேர்க்கும் கணிப்பொறியை அஞ்சல் சர்வர் என்பர். இரண்டு சர்வர்கள் கடிதம் பரிமாறிக்கொள்ளும்போது பேசும் மொழிக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் போஸ்டல் 1982-இல் அதன் விதிகளை எழுதி வெளியிட்டார். அனுப்பும் சர்வர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வாங்கும் சர்வர் மூன்றிலக்க எண்ணால் பதில் சொல்லும். முதல் இலக்கம் 2 ஆனால் "சரி". 4 ஆனால் "இப்போது முடியவில்லை, பிறகு வா". 5 ஆனால் "முடியாது, திரும்பிப் போ".

கடிதம் முழுவதையும் வாங்கியபின் வரும் 250 என்ற பதில்தான் முக்கியம். அது வெறும் "சரி" அன்று. "இனி இந்தக் கடிதத்துக்கு நான் பொறுப்பு" என்று போடும் கையெழுத்து. 2008-இல் திருத்தி வெளியிட்ட விதிகளும் இதையே வற்புறுத்துகின்றன. அந்தப் பதில் கிடைத்ததும் அனுப்பிய சர்வர் தன்னிடமுள்ள படியை அழித்துவிடும். 4 என்று வந்தால் அழிக்காமல் வைத்திருந்து, நாட்கணக்கில்கூட மறுபடி மறுபடி முயலும். ஆகவே, தெரியாமற் சொல்லும் 'சரி'யைக் காட்டிலும், நேர்மையாகச் சொல்லும் 'பிறகு வா' ஆயிரம் மடங்கு மேல்.

வடிகட்டி ஏன் வந்தது?

1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்கான இடத்தில் கொள்ளாமல் கடிதத்தின் உள்ளேயே வழிந்துவிட்டனவாம்! கேட்காமலே வரும் குப்பை அஞ்சலின் முன்னோடி அது. 'ஸ்பாம்' என்ற பெயர் அதற்குப் பின்னரே ஒட்டிக்கொண்டது. குப்பை பெருகவே வடிகட்டிகள் தேவைப்பட்டன.

ஸ்பாம்அசாசின் என்பது அவற்றுள் ஒன்று. ஜஸ்டின் மேசன் 2001-இல் வெளியிட்டது. தேர்வுத்தாள் திருத்துவதைப் போல அது கடிதத்துக்கு மதிப்பெண் போடுகிறது; ஆனால் இங்கே மதிப்பெண் கூடினால் ஆபத்து. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு விதி. விதிக்குச் சில புள்ளிகள். வேறாக மாற்றி அமைக்காவிட்டால், கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டதும் "இது ஸ்பாம்" என்று கடிதத்தின் தலைப்பில் முத்திரை குத்தும். தானாக எதையும் அழிப்பதில்லை.

இதிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. 'எதிர்காலத் தேதியிட்ட கடிதம் சந்தேகத்துக்குரியது' என்பது ஒரு விதி. அதை எழுதியவர்கள் 2010 முதல் 2099 வரையுள்ள எந்த ஆண்டையும் 'எட்டாத எதிர்காலம்' என்று கணக்கில் வைத்திருந்தார்கள். 2010 ஜனவரி 1 பிறந்தது. உலகத்தின் நல்ல கடிதங்கள் எல்லாம் அன்று காலை எதிர்காலக் கடிதங்கள் ஆகிவிட்டன! பல சர்வர்களில் ஒவ்வொரு கடிதத்துக்கும் 3 புள்ளிக்கு மேல் சும்மா ஏறிற்று. வேறு சிறு சந்தேகம் ஒன்றிரண்டு சேர்ந்தால் போதும், கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும். அன்றே திருத்தம் வெளியிட்டார்கள்.

இப்படிப்பட்ட கோளாற்றைக் கண்டுபிடிப்பது எளிது. கடிதம் குப்பைப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். எந்தெந்த விதிகள் பொருந்தின என்ற குறிப்பும் அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கும். கடிதமே இல்லாமற் போவதுதான் கடினமான நோய்.

குழாயில் ஒரு பொத்தல்

சர்வர் நிரல் வேறு, வடிகட்டி வேறு. இரண்டையும் இணைப்பது யூனிக்ஸ் முறையில் 'குழாய்' எனப்படும் ஏற்பாடு. ஒரு நிரலிலிருந்து வெளிவருவதை அடுத்த நிரலின் வாயில் நேராக ஊற்றுவது அதன் வேலை. தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைப்பதைப்போல நிரல்களை இணைக்க வேண்டும் என்று பெல் ஆய்வுக்கூடத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1964-இலேயே எழுதினார். கென் தாம்சன் 1973-இல் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். குழாய்க்கு அடையாளம் ஒரு செங்குத்துக் கோடு.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நிரலும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். அதை முடிவெண் என்று அழைப்போம். 0 என்றால் வெற்றி; மற்றவை தோல்வி. அஞ்சல் உலகில் 75 என்பது எஸ்.எம்.டி.பி.யின் 4-க்குச் சமம்: 'இப்போது முடியவில்லை, கடிதத்தை வைத்திரு, பிறகு கொடு.' 69 என்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். வீட்சே வெனமா உருவாக்கி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சர்வர் நிரல் இந்த எண்களைப் பார்த்தே நடந்துகொள்கிறது.

இப்போது ஒருவர் அவசரமாக இப்படி அமைக்கிறார்: சர்வர் கடிதத்தை வடிகட்டிக்குக் கொடுக்கும், வடிகட்டியிலிருந்து குழாய் வழியே அது 'திருப்பி அனுப்பும்' நிரலுக்குப் போகும், அந்நிரல் மறுபடி சர்வரிடமே சேர்க்கும். பார்க்க அழகாக இருக்கிறது. மாதக்கணக்கில் நன்றாகவே ஓடும். ஒருநாள் நினைவகம் போதாமல் வடிகட்டி நடுவழியில் இறந்துபோகிறது. குழாயில் ஒரு சொட்டும் வரவில்லை. அடுத்த நிரலுக்கு இது தெரியுமா? தெரியாது. வெறுங்கடிதம் என்று எண்ணி அதை முறைப்படி அனுப்பிவிட்டு, 0 என்று சொல்கிறது. குழாய் வரிசையின் முடிவெண்ணாகச் சர்வருக்குக் கிடைப்பது கடைசி நிரலின் எண் மட்டுமே! சர்வர் 0-ஐப் பார்க்கிறது. தன் படியை அழிக்கிறது. நம் மாணவரின் சான்றிதழ்கள் அந்தக் கணத்தில் மறைந்தன. அலுவலகத்தின் பெட்டிக்கு வந்தது ஒரு வெற்றுத்தாள். அதை யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்?

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பள்ளியில் லினக்ஸ் கணிப்பொறி இருந்தால் அதன் கட்டளைத் திரையில் 'ஃபால்ஸ்', 'ட்ரூ' என்று இரண்டு குட்டி நிரல்கள் கிடைக்கும். முன்னது எப்போதும் தோல்வி எண்ணையே தரும். பின்னது எப்போதும் 0 தரும். முன்னதைக் குழாயின் தொடக்கத்திலும் பின்னதை முடிவிலும் வைத்து இயக்கி, 'எக்கோ' கட்டளையோடு டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்து முடிவெண்ணைக் கேளுங்கள். 0 என்று வரும். இடம் மாற்றிப் போட்டால் 1 வரும். தோற்றவன் முதலில் நின்றால் தோல்வி வெளியே தெரிவதேயில்லை.

பொத்தலைத் தேடுவது எப்படி?

தொடராக இணைத்த திருவிழா விளக்குச் சரம் எரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு விளக்காகக் கழற்றுவதைவிட, நடுவில் சோதித்து, பழுது எந்தப் பாதியில் என்று அறிவது மேல். இங்கும் அதே வழிதான். ஓர் அடையாளச் சொல்லோடு சோதனைக் கடிதம் அனுப்ப வேண்டும். அது வடிகட்டிக்குள் நுழைந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். சர்வர் தன் பதிவேட்டில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரிசை அடையாளம் கொடுத்துக் குறித்து வைக்கிறது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது: வடிகட்டிவிட்டுத் திரும்பி வரும் கடிதம் சர்வருக்குப் புதுக் கடிதம், ஆதலால் அதற்குப் புது அடையாளம் விழும். பழையதையே தேடிக்கொண்டிருந்தால் பாதியில் தடம் அறுந்துவிடும். கடிதத்தோடு பிறந்து மாறாமல் வரும் 'செய்தி அடையாளம்' ஒன்று தலைப்பில் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

"நான் கையால் இயக்கினால் வடிகட்டி நன்றாக வேலை செய்கிறதே!" என்று சிலர் வாதிடுவார்கள். மெய்தான். ஆனால் சர்வர் அதை உங்கள் பெயரில் இயக்குவதில்லை. அதிகாரம் குறைந்த வேறொரு பயனர் பெயரில் இயக்குகிறது. உங்களுக்குத் திறக்கும் கோப்பு அதற்குத் திறக்காது. அந்தப் பயனராக மாறிச் சோதித்தால்தான் சோதனை.

புள்ளி ஒன்று செய்யும் குறும்பையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எம்.டி.பி.யில், ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். திருப்பி அனுப்பும் நிரலும் அந்த வழக்கத்தையே பின்பற்றும். "புள்ளியைப் பொருட்படுத்தாதே" என்று சொல்லாமல் விட்டால், கடிதத்தில் அப்படி ஒரு புள்ளி இருக்கும் இடத்தோடு அதை வெட்டிவிடும். நூறு கடிதம் சரியாகப் போய், நூற்றோராவது மட்டும் பாதியில் நிற்கும் மர்மத்துக்கு இது ஒரு விடை.

இனிச் சிகிச்சை. குழாயை நடுவில் வெட்டிவிட வேண்டியதுதான்! கடிதத்தை முதலில் ஒரு கோப்பில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் 75. வடிகட்டியின் விளைவை இன்னொரு கோப்பில் வாங்க வேண்டும். வடிகட்டி தோற்றாலும் 75. இரண்டும் நலம் என்று தெரிந்த பின்னரே திருப்பி அனுப்பும் நிரலை அழைக்க வேண்டும். கொஞ்சம் நேரம் கூடும். வட்டில் கொஞ்சம் இடம் பிடிக்கும். ஓடும் நீரைத் தொட்டியில் தேக்கி, அளந்து பார்த்துவிட்டுத் திறந்துவிடுவதைப் போன்றது.

இறுதிச் சோதனைக்கு வடிகட்டியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். பழைய அமைப்பில் அது வெற்றுத்தாளாக வந்திருக்கும். புதியதில் பெட்டிக்கு எதுவும் வராது. பதிவேட்டில் 'தள்ளிவைக்கப்பட்டது' என்ற குறிப்பு விழும். கடிதம் வரிசையில் உட்கார்ந்திருக்கும். வடிகட்டியை மறுபடி இயக்கிவிட்டுச் சற்றுப் பொறுத்தால், சர்வரின் அடுத்த முயற்சியில் அதே கடிதம், அனுப்பிய நேரம் முன்னதாகவும் சேர்ந்த நேரம் பின்னதாகவும் குறிக்கப்பட்டு, இணைப்புகளோடு முழுதாக வந்து சேரும்.