"சிமுலேஷன் டெஸ்ட் பாஸ்"னா உங்க பணம் சேஃப்னு அர்த்தமா?



ரிட்டர்ன் ஃபைல் பண்ற விஷயமா ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்திருந்தார். 26 வயசு, ஐடி வேலை. போனஸா 3 லட்சம் கைக்கு வந்திருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு.

"அண்ணா, அதுவரைக்கும் இந்தக் காயின்ல ஸ்டேக் பண்ணி வைக்கலாமா? லட்சக்கணக்கான ரேண்டம் டிரான்ஸாக்ஷன் விட்டு சிமுலேஷன் டெஸ்ட் பண்ணிருக்காங்க. ஒரு எரர்கூட வரலையாம்" என்று மொபைலைக் காட்டினார்.

அவர் சொன்னதுல பொய் எதுவும் இல்லை. ஆனா அந்த டெஸ்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுது, எதுக்குச் சொல்லாது என்பதை அவர் பார்க்கலை. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். கோடிங் தெரியணும்னு அவசியமில்லை. டேலி பார்த்த அனுபவம் இருந்தா போதும்.

மாட்யூல்னா என்ன?

காஸ்மோஸ் எஸ்டிகே என்பது பிளாக்செயின் கட்டுறதுக்கான ஒரு டூல்கிட். அதுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாட்யூல். ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ், ஹெச்ஆர், ஸ்டோர்ஸ்னு டிபார்ட்மென்ட் இருக்கிற மாதிரி. பேங்க் மாட்யூல் யார்கிட்ட எவ்வளவு காயின் இருக்குன்னு கணக்கு வைக்கும். ஸ்டேக்கிங் மாட்யூல் யார் எவ்வளவு பூட்டி வச்சிருக்காங்கன்னு பார்க்கும். கவர்னன்ஸ் மாட்யூல் ஓட்டெடுப்பு நடத்தும்.

ஒவ்வொண்ணையும் தனியா டெஸ்ட் பண்றது சுலபம். பிரச்சனை வர்றது எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான். ஒருத்தர் பணத்தைப் பூட்டுறார், அதே நேரம் ஓட்டெடுப்புல ஒரு விதி மாறுது, அடுத்த நிமிஷம் இன்னொருத்தர் வெளியே எடுக்கிறார். இந்த மாதிரி காம்பினேஷனை எல்லாம் மனுஷன் உட்கார்ந்து யோசிச்சு எழுத முடியாது. அதனாலதான் ரேண்டம் சிமுலேஷன்.

எப்படி செட்டப் பண்றாங்க?

1. ரேண்டம் தொடக்கம்: மாட்யூலுக்கு ஒரு ஓப்பனிங் பேலன்ஸ் வேணும். இதை ஜெனிசிஸ்னு சொல்வாங்க. எத்தனை அக்கவுன்ட், ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு, விதிகள் என்னன்னு எல்லாமே ரேண்டமா உருவாகும்படி டெவலப்பர் எழுதணும்.

2. ஆபரேஷனும் வெயிட்டும்: பணம் அனுப்புறது, ஸ்டேக் பண்றது, எடுக்கிறதுன்னு ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வெயிட் கொடுக்கணும். எஸ்டிகே-ல ஸ்டேக் பண்றதுக்கு 100, வேலிடேட்டர் விவரத்தைத் திருத்துறதுக்கு 5. நிஜத்துல எது அதிகமா நடக்குமோ அது டெஸ்ட்லயும் அதிகமா வரும்.

3. அளவு: உதாரணமா 500 பிளாக், பிளாக்குக்கு சராசரி 200 ஆபரேஷன்னு கொடுக்கலாம். எல்லா பிளாக்கும் சரியா 200 இருக்காது. சிலது காலியா இருக்கும், சிலது நிரம்பி வழியும். மாசக் கடைசியில ஏடிஎம் எப்படி இருக்கும், முதல் தேதியில எப்படி இருக்கும், அந்த மாதிரி.

4. சீட் நம்பர்: இதுதான் முக்கியம். 99-னு ஒரு சீட் கொடுத்தா, அதை வச்சே எல்லா ரேண்டம் முடிவும் பிறக்கும். நாளைக்கு அதே கோடை அதே 99-ஐக் கொடுத்து ஓட்டினா அதே வரிசை அப்படியே திரும்ப வரும். ஏதாவது உடைஞ்சா, உடைஞ்ச இடத்துக்கே மறுபடி போய்ப் பார்க்கலாம். சீட்டைக் குறிச்சு வைக்காம டெஸ்ட் பண்றது, வவுச்சர் நம்பர் இல்லாம தப்பு தேடுற மாதிரி.

5. இன்வேரியன்ட்: எந்த நிலையிலயும் மாறக்கூடாத விதி. பேங்க் மாட்யூல்ல, எல்லா அக்கவுன்ட் பேலன்ஸையும் கூட்டினா மொத்த சப்ளைக்குச் சமமா வரணும். நம்ம பாஷையில சொன்னா, ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகணும்.

இதோட இன்னும் ரெண்டு செக் உண்டு. ஒரே சீட்டைப் பல தடவை ஓட்டி, ரிசல்ட் ஒரே மாதிரி வருதான்னு பார்ப்பாங்க. வரலைன்னா நிஜத்துல ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு கணக்கு சொல்லும், செயின் நின்னுடும். அப்புறம் முழுக் கணக்கையும் எக்ஸ்போர்ட் பண்ணி, புதுசா ஒண்ணுல இம்போர்ட் பண்ணி, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பார்ப்பாங்க.

ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆயிடுச்சு. அப்புறம்?

சிஏ படிக்கும்போது ஆரம்பத்துலயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது: ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனா கணக்கு சரின்னு அர்த்தமில்லை. ரெண்டு பக்கமும் ஒரே தப்பைப் போட்டிருந்தாலும் டேலி ஆகும். இன்வேரியன்ட்டும் அப்படித்தான்.

ஆஸ்மோசிஸ்னு ஒரு செயின், காஸ்மோஸ் எஸ்டிகே-ல கட்டினது. 2022 ஜூன்ல ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, பூல்ல பணம் போட்டு உடனே எடுத்தா போட்டதை விட 50% கூடக் கிடைச்சது. செயினையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. நஷ்டம் சுமார் 50 லட்சம் டாலர். இங்க "மொத்த சப்ளை = பேலன்ஸ்களின் கூட்டல்"னு மட்டும் பார்த்தா தப்பு தெரியாது. பணம் ஒருத்தர் பையிலிருந்து இன்னொருத்தர் பைக்குப் போயிருக்கு, கூட்டல் மாறலை. "போட்டு உடனே எடுத்தா லாபம் வரக்கூடாது"ன்னு ஒரு இன்வேரியன்ட் எழுதி ரேண்டமா ஓட்டியிருந்தா பிடிபட வேண்டிய தப்பு இது.

இன்னொரு கேஸ் டெர்ரா. அதுவும் காஸ்மோஸ் எஸ்டிகே-ல கட்டினதுதான். 2022 மே மாசம் யூஎஸ்டி காயினோட ஒரு டாலர் விலை சரிஞ்சது. யூஎஸ்டி-யை அழிச்சா அதுக்கு ஈடா லூனா அச்சடிக்கணும் என்பது விதி. எல்லாரும் ஒரே நேரத்துல ஓடினதால லூனா சப்ளை சுமார் 35 கோடியிலிருந்து 6.5 லட்சம் கோடியாப் பெருகிச்சு. மாச ஆரம்பத்துல 80 டாலர் கிட்ட இருந்த காயின், ஒரு சென்ட்டுக்கும் கீழே போச்சு.

கவனிங்க: இங்க கோட் எழுதின விதிப்படியே அச்சடிச்சது. விதியிலேயே ஓட்டை. அந்த விதியைச் சரின்னு எடுத்துக்கிட்டு ஓடுற சிமுலேஷன் பச்சை டிக்தான் காட்டும்.

அப்போ நீங்க என்ன கேட்கணும்?

* சிமுலேஷன் பண்ணாங்களா என்பதை விட, என்னென்ன இன்வேரியன்ட் எழுதினாங்கன்னு கேளுங்க. கோட் ஓப்பனா இருந்தா பார்க்க முடியும். ஐடி-ல இருக்கிறவங்களுக்கு அரை மணி நேர வேலை.
* ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி ஓட்டுறாங்களா? ஆஸ்மோசிஸ் அடி வாங்கினது ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான்.
* எடுக்க எத்தனை நாள் ஆகும்? காஸ்மோஸ் ஹப்ல ஸ்டேக் பண்ணினதை எடுக்க 21 நாள் காத்திருக்கணும். அந்த 21 நாள்ல விலை எவ்வளவு விழுந்தாலும் விற்க முடியாது.
* டேக்ஸ்? கிரிப்டோ வித்த லாபத்துக்கு 30% வரி, மேல செஸ். நஷ்டம் வந்தா வேற எந்த வருமானத்துலயும் கழிக்க முடியாது.

அந்தத் தம்பிகிட்ட நான் கடைசியா ஒண்ணுதான் கேட்டேன். "இந்த டெஸ்ட்ல, எட்டாவது மாசம் இந்த 3 லட்சம் 3 லட்சமாவே இருக்குமான்னு ஒரு இன்வேரியன்ட் இருக்காப்பா?"

சிரிச்சுட்டார். அப்படி ஒண்ணை எந்த டெவலப்பராலயும் எழுத முடியாது, விலை கோடுக்குள்ள இல்லை. கல்யாணப் பணத்தை எஃப்டி-ல போட்டுட்டு, "ஆசைக்கு ஒரு அஞ்சாயிரம் மட்டும் போட்டுப் பார்க்கிறேண்ணா"ன்னு கிளம்பினார். அந்த அஞ்சாயிரம் போனாலும் தங்கச்சி கல்யாணம் நடக்கும். அந்த அளவு ரிஸ்க் போதும்.

சிமுலேஷன் டெஸ்ட் நல்ல விஷயம். அது இல்லாத செயினை விட இருக்கிற செயின் மேல். ஆனா அது கணக்குப் புத்தகத்துக்குத்தான் சர்டிஃபிகேட். உங்க முதலீட்டுக்கு இல்லை.

இதே விஷயத்தை ஒயிட்போர்டுல போட்டு வீடியோவாவும் நம்ம சேனல்ல விளக்கியிருக்கேன், பாருங்க. இது புரிதலுக்கான பதிவு மட்டும்தான், முதலீட்டு ஆலோசனை இல்லை. அடுத்த பதிவுல சந்திப்போம்!