வீட்டிலேயே ஜெல் மெழுகுவர்த்தி செய்வது எப்படி? அடுப்பைப் பற்றவைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கண்ணாடி டம்ளருக்குள் நீலக் கடல், அடியில் கொஞ்சம் மணல், ரெண்டு மூணு சிப்பி, நடுவில் எரியும் திரி. ரீல்ஸில் பார்ப்பவர்களை "தண்ணிக்குள்ள எப்படி தீ எரியுது?" என்று கேட்க வைப்பவைதான் ஜெல் மெழுகுவர்த்திகள். பிறந்தநாள் பரிசு, கிறிஸ்துமஸ் அலங்காரம், வீட்டிலிருந்தே சின்னதாக ஒரு வருமானம் என்று இதைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் ஏராளம். செய்முறை பெரிய கஷ்டமில்லை. ஆனால் சாதாரண மெழுகுவர்த்தி செய்து பழகியவர்களும் இதில் சறுக்குவதுண்டு. காரணம், பெயரில் மெழுகு இருந்தாலும் இது உண்மையில் மெழுகே அல்ல.

ஜெல் மெழுகு என்றால் என்ன?

இதில் பெரும்பகுதி மினரல் ஆயில். பெட்ரோலியத்திலிருந்து பிரித்துச் சுத்திகரிக்கப்படும் நிறமற்ற எண்ணெய் இது. குழந்தைகளுக்குத் தேய்க்கும் பேபி ஆயிலின் முக்கியப் பொருளும் இதுதான். இந்த எண்ணெயுடன் ரப்பர் வகையைச் சேர்ந்த பாலிமர் சிறிதளவு கலக்கப்படுகிறது. கடல்பாசி போட்டால் பால் அப்படியே உறைந்து நிற்கிறதல்லவா? அதுபோல பாலிமர் பின்னும் வலைக்குள் எண்ணெய் சிக்கி நிற்கிறது. சூடாக்கினால் வலை தளர்ந்து உருகும், ஆறினால் மறுபடி இறுகும். எனவே முதல் முயற்சி சொதப்பினாலும் பிரச்சினை இல்லை, திரும்ப உருக்கி ஊற்றிக்கொள்ளலாம்.

ஆக, கையில் இருப்பது டம்ளரில் அடைத்த எண்ணெய். சாதாரண பாரஃபின் மெழுகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். ஜெல் ஊற்றும் பதத்துக்கு வர 95 முதல் 105 டிகிரி வரை தேவை. எரியும்போதும் இதன் சூடு அதிகம். தீ விபத்து அபாயம் காரணமாக அமெரிக்காவில் சில ஜெல் மெழுகுவர்த்திகள் விற்பனைக்கு வந்த பிறகு திரும்பப் பெறப்பட்டதும் உண்டு.

வாசனையில்தான் முதல் தவறு

"ரோஸ் எசென்ஸ் வீட்ல இருக்கே, ரெண்டு சொட்டு விட்டா போதாதா?" போதாது என்பதைவிட, கூடவே கூடாது. சமையல் எசென்ஸ், பன்னீர், பாடி ஸ்பிரே எல்லாம் தண்ணீரையோ ஆல்கஹாலையோ அடிப்படையாகக் கொண்டவை. 100 டிகிரியில் இருக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று வடை சுட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெல்லுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கப்படும் வாசனை எண்ணெய்தான் வேண்டும். அதன் தீப்பற்றும் வெப்பநிலை 77 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். மெழுகுவர்த்தி வாசனை என்று எழுதியிருந்தாலும் எல்லாமே ஜெல்லுக்குச் சரிவராது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பங்கு வாசனை எண்ணெயை மூன்று பங்கு பேபி ஆயிலுடன் சேர்த்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கலக்க வேண்டும். கலவை தெளிவாக இருந்தால் பயன்படுத்தலாம். கலங்கினாலோ, தனித்தனி அடுக்காகப் பிரிந்து நின்றாலோ அந்த வாசனை வேண்டாம். அப்படிப்பட்ட எண்ணெய் ஜெல்லில் சேராமல் ஆங்காங்கே தேங்கி, எரியும்போது திடீரென மொத்தமாகப் பற்றக்கூடும்.

அளவும் முக்கியம். ஆரம்பத்தில் ஜெல்லின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 200 மில்லி டம்ளரை முக்கால் பாகம் நிரப்ப சுமார் 130 கிராம் ஜெல் ஆகும். அதற்கு 4 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. நிறத்துக்கு எண்ணெயில் கரையும் மெழுகுவர்த்திச் சாயம் ஒரு துளி. கேசரி பவுடர் கரையாது, கிரேயான் துகள்கள் திரியை அடைத்துவிடும்.

டம்ளரும் திரியும்

சுவர் தடிமனான, வாய் அகன்ற கண்ணாடி டம்ளர் போதும். மெல்லிய ஒயின் கிளாஸ், விரிசல் விட்டது, பிளாஸ்டிக் எதுவும் ஆகாது. ஜெல் தானாக நிற்காது என்பதால் அச்சில் ஊற்றி வெளியே எடுக்கும் வேலையும் இதில் கிடையாது.

திரிக்கு, நடுவில் துத்தநாகக் கம்பி உள்ள வகை ஜெல்லில் நேராக நிற்கும். மெழுகு பூசிய திரியைப் போட்டால் அதிலுள்ள பாரஃபின் கரைந்து ஜெல் மங்கலாகிவிடும். உள்ளே போடும் அலங்காரத்துக்கு சிப்பி, கண்ணாடி மணி, கூழாங்கல் சரி. காய்ந்த ரோஜா இதழ், பிளாஸ்டிக் பொம்மை, தெர்மாகோல் ஆகியவை ரீல்ஸில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவையும் சேர்ந்து எரியும். சிப்பியாக இருந்தாலும் திரியை ஒட்டி வைக்காமல் டம்ளரின் ஓரமாக வைக்க வேண்டும்.

செய்முறை

ஜெல்லைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, அடி கனமான பாத்திரத்தில் போட்டு அடுப்பை சிம்மில் வைக்க வேண்டும். இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் இன்னும் நல்லது, திறந்த தீ இல்லை. சாதாரண மெழுகுபோல கொதிநீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்குவது இங்கே எடுபடாது. தண்ணீரே 100 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால் ஜெல் போதிய அளவு இளகாது. நேரடியாகச் சூடாக்குவதால் சமையல் தெர்மாமீட்டர் கட்டாயம். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.) 110 டிகிரியைத் தாண்டக் கூடாது. போன் வந்தாலும் அடுப்பை அணைக்காமல் நகரக் கூடாது.

ஜெல் முழுதாக உருகியதும் அடுப்பை அணைத்து, சாயத்தையும் வாசனையையும் விட்டு மெதுவாகக் கிளற வேண்டும். வேகமாகக் கிளறினால் நுரை வரும், நுரைதான் பிறகு குமிழாகும். திரியையும் சிப்பியையும் சூடான ஜெல்லில் ஒருமுறை முக்கி எடுத்தால் அவற்றில் ஒட்டியிருக்கும் காற்று வெளியேறிவிடும். திரியை டம்ளரின் நடுவில் நிறுத்தி, மேலே ஒரு குச்சியில் கட்டிவைக்கலாம். ஈரமில்லாத, வெதுவெதுப்பாகச் சூடாக்கிய டம்ளரைச் சற்றுச் சாய்த்து, ஓரமாக ஜெல்லை ஊற்ற வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்காமல் அப்படியே ஆற விட வேண்டும். கொஞ்சம் குமிழ் இருந்தால் கடல் காட்சிக்கு அதுவும் அழகுதான்.

தீப்பிடித்தால்?

அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பொருத்தமான மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே தூக்கி வீசிவிடும். பக்கத்திலேயே மூடியும் ஒரு பொட்டலம் சமையல் சோடாவும் எடுத்துவைத்துவிட்டே வேலையைத் தொடங்கலாம். சூடான ஜெல் கையில் பட்டால் வெல்லப்பாகு போல ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுக்காமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். டூத்பேஸ்ட் தடவும் பழக்கம் காயத்தை மோசமாக்கும்.

விற்பதற்கு முன்...

முதல் மெழுகுவர்த்தியைப் பரிசாகவோ விற்பனைக்கோ கொடுக்காமல், வீட்டிலேயே கடைசி வரை எரித்துப் பார்ப்பது நல்லது. திரியைக் கால் அங்குலமாக வெட்டி, ஒரு தடவைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் போகாமல், ஆள் இருக்கும் அறையில் மட்டும் எரிக்க வேண்டும். சுடர் உயரமாக ஆடினாலோ புகை வந்தாலோ திரி பெரிது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணாடியைத் தொட்டால் திரி நடுவில் இல்லை. வாசனையை மாற்றினாலும், வேறு அளவு டம்ளர் வாங்கினாலும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். அடியில் அரை அங்குலம் ஜெல் மிச்சமிருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே சுடர் இறங்கினால் டம்ளர் வெடிக்கலாம். வாங்குபவர்களுக்கும் இதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கலாம்.

மீதமான ஜெல்லை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவலாம். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்க வேண்டாம்.