தேடலில் கடை இறங்கும்போது

மதுரையில் சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கூகுள் தேடல் முறையை மாற்றுகிறது என்று செய்தி வந்தால் போதும், போன் ஓயாது. “தம்பி, முதல் பக்கத்துல இருந்தோம், இப்ப ஆளையே காணோமே!” என்பார் சுங்குடிச் சேலை விற்கும் அண்ணாச்சி. தலைப்புகளை எல்லாம் இன்றைக்கே மாற்றச் சொல்வார். நான் மறுத்துவிடுவேன்; மாற்றம் ஒரே நாளில் முடிவதில்லை.

2024 மார்ச் 5 அன்று தொடங்கிய மாற்றம் முடிய ஏப்ரல் 19 ஆனது. இடையில் இன்று ஏறும் பக்கம் நாளை இறங்கும். முடிந்து ஒரு வாரமாவது பொறுத்து, தளத்தின் தேடல் விவரங்களைக் காட்டும் சர்ச் கன்சோல் கருவியில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது கூகுள். எந்தப் பக்கம், எந்தச் சொல்லுக்கு இறங்கியது என்று அங்கே தெரிந்துவிடும். அண்ணாச்சி தளத்தில் இறங்கியவை, வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சேலை வர்ணனைகள். துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பதை அவர் வீட்டுப் பெண்களே சொல்லச் சொல்ல எழுதி, படத்தோடு ஏற்றினோம்.

கூகுள் மீது முறையிடவே முடியாதா? சென்னையின் திருமணத் தளமான பாரத்மேட்ரிமோனி 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. தேடலில் பாரபட்சம் காட்டியதாக 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். பெரிய நிறுவனத்துக்கே ஆறு ஆண்டு என்றால் சேலைக் கடைக்காரர் எங்கே போவார்? எனக்கு ஆற்றாமைதான். தேடலை மட்டும் நம்பியிராமல், வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் எண்களை நோட்டில் குறித்து வைக்கும்படி அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.