வண்டி எங்கே திரும்புகிறது?

சென்னையைச் சுற்றிப் பார்க்க ஒரு டூரிஸ்ட் டாக்ஸியை எடுத்தால், வண்டி போகும் வழி ஏறக்குறைய எழுதி வைத்ததுதான். கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், மயிலாப்பூர் கபாலீசுவரர், சாந்தோம் தேவாலயம், மெரினா. நேரம் மிச்சமிருந்தால் தி.நகரில் புடவைக் கடை. வடக்கே பாரிமுனையைத் தொட்டதும் வண்டி திரும்பிவிடும். அதற்கு மேலே ஊரே இல்லை என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், இந்தப் பயணங்களில் பல தொடங்குவதே வடசென்னையில் என்பது. சென்ட்ரலில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் வால்டாக்ஸ் சாலை லாட்ஜில் அறை எடுக்கிறார்கள். குளித்துவிட்டுக் கீழே வந்து, யானைக்கவுனியில் வண்டி ஏறி, நேரே தெற்கே போய்விடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. ஆள் இருந்தாலும் கேட்பவர் இல்லை.

ராயபுரத்தில் பிறந்து, அம்பாசிடர் காலத்திலிருந்து வண்டி ஓட்டுகிற ஓர் அண்ணனோடு நான் போனேன். அவருக்கு அதில் வருத்தம் உண்டு. "பார்ட்டி கேக்கறதைத்தான் சார் காட்ட முடியும். வடக்கால போலாமான்னு நானே கேப்பேன். அங்க இன்னா இருக்குன்னு திருப்பிக் கேப்பாங்க. நான் சொல்ல ஆரம்பிச்சா, மெரினாவுக்கு நேரமாச்சும்பாங்க."

எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்பது ஊருக்குள் வண்டி பேசுகிற வழக்கமான பேக்கேஜ். யானைக்கவுனியிலிருந்து எண்ணூர் இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். நடுவில் நாலைந்து இடம் சுற்றினாலும், போய் வர அறுபதைத் தாண்டாது. ஆக, தடை காசு அல்ல. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையில் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் வண்டியை எடுப்பதற்கு முன்பே கதையை ஆரம்பித்துவிட்டார். யானைக்கவுனி என்பது ஒரு மதில் வாசலின் பெயர். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. அது முடிந்ததும், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தை இடித்துத் தள்ளிவிட்டு, இன்றைய முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் ஊரை ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் ஓரம் வரை வந்து போனது. அந்தப் பயத்தில் புது ஊரைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். அதன் செலவை ஊர்க்காரர் தலையில் வரியாகப் போடப் பார்த்தார்கள். அப்படிப் போடச் சட்டத்தில் இடமில்லை என்று ஆனதால் வரி வசூலாகவே இல்லை. மதிலை ஒட்டிய சாலைக்கு மட்டும் வால்டாக்ஸ் என்ற பெயர் நின்றுவிட்டது. கட்டாத வரிக்கு ஒரு சாலை! இந்த மேற்கு மதிலில் இருந்த வாசல்தான் யானைக்கவுனி. வடக்கு மதிலிலும் வாசல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குத் திருவொற்றியூர் வாசல் என்று பெயர். மதில் கட்டிய வெள்ளைக்காரனுக்குக்கூட வடக்கே ஓர் ஊர் உண்டு என்பது தெரிந்திருக்கிறது.

வண்டியில் சுற்றுகிற பயணம் என்றாலும், முதல் ஒரு மணி நேரம் வண்டிக்கு வேலையில்லை. சௌகார்பேட்டைச் சந்துகளில் கார் நுழையாது. வால்டாக்ஸ் சாலையில் பார்சல் ஆபீஸ்களுக்கு நடுவே ஓர் இடம் பார்த்து நிறுத்திவிட்டு அண்ணன் முன்னே நடந்தார். மார்வாடிகளும் குஜராத்திகளும் தெலுங்கர்களும் தமிழர்களும் தலைமுறைகளாக ஒரே சந்தில் கடை போட்டிருக்கிற இடம். வழிகாட்டிப் புத்தகங்கள் இங்கே கச்சோரியும் ஜிலேபியும் மட்டும்தான் பார்க்கின்றன. அண்ணன் காட்டியது தங்கசாலைத் தெருவில் கினிமா சென்ட்ரல் இருந்த இடத்தை. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது அந்தக் கொட்டகையில்தான். பம்பாயிலிருந்து படப்பெட்டி ரயிலில் சென்ட்ரலுக்கு வந்து இறங்கியபோது, ஜனங்கள் வால்டாக்ஸ் சாலை நெடுகப் பூத்தூவி, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றி, சாமி ஊர்வலம் மாதிரி அழைத்துப் போனார்கள். அதே வால்டாக்ஸ் சாலையில்தான் நாடகக் கம்பெனிகளின் கோட்டையான ஒற்றைவாடைக் கொட்டகையும் இருந்தது. தமிழ் சினிமாவின் வரலாற்றைக் கோடம்பாக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள், ஒரு தடவை இந்தச் சாலையில் நடந்து பார்க்கட்டும்.

பக்கத்திலேயே ஏழுகிணறு. 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கத் தோண்டிய கிணறுகள். கோட்டைக்குள் இருந்தவர்கள் குடித்த நல்ல தண்ணீர் வடசென்னை மண்ணிலிருந்து போயிருக்கிறது. அந்த ஏழுகிணறு வீராசாமித் தெருவில்தான் வள்ளலார் வளர்ந்தார். கந்தகோட்டத்து முருகனை அவர் பாடியது எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய் வந்தவர் அவர். "நாம கார்ல போகச் சலிச்சுக்கறோம், அவரு நடந்தாரு சார்" என்றார் அண்ணன்.

மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் சாலையில் இன்னும் நிற்கிறது. அதன்மேல் பூங்கா வைத்திருப்பதால், சுற்றுவட்டாரத்தில் மாடிப்பூங்கா என்று கேட்டால் வழி சொல்வார்கள். கோட்டை மதிலைப் பார்க்க வரிசையில் நிற்கிற கூட்டத்தில் நூற்றில் ஒருவரையாவது இங்கே கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை. அடுத்து ஸ்டான்லி மருத்துவமனை. ஊர் வாயில் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். பதினெட்டாம் நூற்றாண்டின் பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றியதிலிருந்து வளர்ந்த இடம்.

ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். 1856 ஜூலை 1ஆம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. பம்பாயும் கல்கத்தாவும் நமக்கு முன்பே ரயில் விட்டவைதான். ஆனால் அங்கே முதலில் கட்டிய நிலையங்கள் போய், வேறு கட்டடங்கள் வந்துவிட்டன. ராயபுரத்தின் தூண் வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது. நாட்டில் இன்றும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை இதற்குத்தான். 1873இல் சென்ட்ரல் வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. நான் நின்றிருந்தபோது மின்சார ரயிலுக்குக் காத்திருந்த சிலரைத் தவிர யாருமில்லை. வேறொரு நாட்டில் இப்படி ஒரு நிலையம் இருந்தால் வாசலில் டாக்ஸி நிறுத்த இடம் கிடைக்காது.

காசிமேட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மீன்பிடித் துறைமுகத்தின் ஏலம் விடியலுக்கு முன்பே சூடு பிடித்துவிடும் என்பதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் போனால் பெரிய மீன் வரத்து இராது என்பதும் தெரிந்திருந்தால் போதும். மற்றதை வஞ்சிரமும் சங்கராவும் பார்த்துக்கொள்ளும்.

நான் நின்று பேச விரும்புவது காசிமேட்டுக்கு அப்புறம் வருகிற கடலைப் பற்றி. சென்னையைக் காட்டுகிற ஒவ்வொரு வண்டியும் மெரினாவில் நிற்கிறது. அந்த அகலமான மணல்வெளி எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் மோதித் தெற்கே தேங்கியது. அதற்கு முன் கடல் சாலைக்கு எவ்வளவோ அருகில் இருந்தது. தேங்கிய மணல் மெரினா ஆயிற்று. 1884இல் கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் அதன் ஓரமாக உலாவும் பாதை போட்டுப் பெயரும் வைத்தார். வடக்கே மணல் வரத்து நின்றது. அலை மட்டும் நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. குப்பங்கள் பின்வாங்கின, வீடுகள் போயின, சாலை வரை தண்ணீர் ஏறியது.

இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் வலப்பக்கம் மணலைவிடக் கருங்கல்தான் அதிகம் தெரிகிறது. பாறைகளைக் கொட்டித்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் சின்ன வயதில் கால்பந்து ஆடிய மணல் கடலுக்குள் இருக்கிறது. கையை நீட்டி அவர் காட்டிய இடத்தில் அலைதான் இருந்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிற குடும்பத்துக்கு இதைச் சொல்லாமல் விடுகிற எந்தச் சுற்றுலாவும் பாதி உண்மையைத்தான் விற்கிறது. தெற்கின் அழகும் வடக்கின் இழப்பும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு வண்டியைத் திருப்புவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

திருவொற்றியூரில் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளே வந்தார். தியாகராசர் கோயிலில் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம். ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் லிங்கத்தை, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசமில்லாமல் பார்க்கலாம். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த மகிழமரம் இந்தத் தலத்தின் மரம். தேவாரம் பாடிய மூவரும் வந்த ஊர். சென்னை என்ற பெயருக்கே வயது நானூறுக்குள்தான். ஒற்றியூருக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. செல்வத்தையெல்லாம் துறந்து வந்த வணிகரின் சமாதியைச் சுற்றி இப்போது கன்டெய்னர்களின் சத்தம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்ட பிறகு, கோயிலுக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று பூக்காரம்மா சொன்னார். அவர்களும் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

எர்ணாவூர் தாண்டியதும் காற்றின் வாசனை மாறும். எண்ணூர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்ட வீடு கட்டி, கழிமுகத்தில் படகு விட்டு ஓய்வெடுத்த இடம். கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் அந்த முகத்துவாரத்தில் இன்று அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் நிற்கின்றன. 1970இல் ஓடத் தொடங்கிய பழைய மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடக்கே புதியவை ஓடுகின்றன. நிலக்கரிச் சாம்பல் ஆற்றில் படிந்து, ஆழமாக இருந்த இடங்கள் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டதாக மீனவர்கள் சொல்கிறார்கள். 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் இறங்கிப் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் காட்டுக்குப்பத்து ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். தெற்கே ஒவ்வொரு வீட்டிலும் ஓடுகிற மின்விசிறிக்கு இந்த ஆறு விலை கொடுத்திருக்கிறது.

ஏழைகளின் துன்பத்தை டாக்ஸி ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்ப்பது நல்லதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால், பார்க்காமல் இருந்தால் அந்தத் துன்பம் குறைகிறதா என்ன? வேறு சிலர் சினிமாவைப் பார்த்துவிட்டு, ரவுடிகள் வாழ்ந்த தெருவைக் காட்டு என்று அண்ணனிடம் கேட்கிறார்கள். அவர்களை அவர் ராயபுரம் நிலையத்துக்கு அழைத்துப் போய்விடுகிறாராம். நான் அவர் பக்கம்.

எனக்கு வேறொரு கவலை. செயலியில் பிடிக்கிற வண்டியில் ஓட்டுநர் வாய் திறக்க நேரமில்லை. ஏற்றிய இடம், இறக்கிய இடம், அடுத்த சவாரி. நடுவில் மாடிப்பூங்காவுக்குத் திரும்ப வரைபடம் விடாது, காத்திருந்தால் கட்டாது. இந்த அண்ணனைப் போலத் தெருவைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள் வண்டியை விற்றுவிட்டுக் காவலாளி வேலைக்குப் போகிறார்கள். புதிதாக ஓட்ட வருகிற பையன்கள் நல்லவர்கள்தான். திருவொற்றியூர் வாசல் எங்கே இருந்தது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

ஆகவே, போக விரும்புகிறவர்கள் வடசென்னையில் வளர்ந்த ஓட்டுநராகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டாண்டில் விசாரித்தால் கிடைப்பார். வாடகை பேசும்போதே "எண்ணூர் வரை" என்று சொல்லிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால் அவருடைய அடுத்த சவாரி கெடும். விடியலுக்கு முன் காசிமேட்டில் தொடங்கினால் வெயிலுக்குள் யானைக்கவுனியை நடந்து முடிக்கலாம். பன்னிரண்டு மணிக்குக் கோயில் நடை சாத்துவதற்குள் திருவொற்றியூர், பிறகு எண்ணூர். குப்பத்து வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஆற்றங்கரையில் யாராவது இறால் விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வண்டிக்குப் பேசிய தொகையோடு பேட்டாவும், அவர் சொன்ன கதைகளுக்குத் தனியாக ஒரு தொகையும் கையில் கொடுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டிக்குக் கொடுப்பதைவிட அது குறைவாக இருக்க ஒரு காரணமும் இல்லை.